மணிக்கணக்குக் கூலி

கடந்த சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் ரயில் நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒரு பையை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலை ஏறி இறங்கிய கால். எனக்கு ஓரளவு இங்கிலீஷ் பேச வரும். இவ்வளவு தூரம் சுற்றுவதற்குக் காசு எப்படி என்று கேட்டேன். அவுஸ்திரேலியாவில் ஆறு மாதம் பழம் பறித்தாளாம். பிறகு ஒரு விடுதியில் கட்டில் விரிப்பு மாற்றினாளாம், இன்னொரு இடத்தில் கோப்பை கழுவினாளாம். காசு சேர்ந்ததும் புறப்பட்டுவிட்டாள். அவளுடைய நாட்டு இளம் பிள்ளைகளுக்கு அதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. அது கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை.

"நானும் வெளிநாட்டில் அப்படித்தான் வேலை செய்தேன். மணிக்கணக்குக் கூலி" என்றேன்.

"எங்கே?"

"பெய்ரூட்."

"நல்ல அனுபவமாக இருந்திருக்குமே" என்றாள். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளும் கூலிதான் செய்திருக்கிறாள். ஆனால் அவளுடைய கடவுச்சீட்டு அவள் இடுப்புப் பட்டியில் இருந்தது. வேலை பிடிக்காவிட்டால் அடுத்த நாள் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். எனக்கு அந்த இரண்டும் இருக்கவில்லை. இதை எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் எழுத வைத்தவள் என் அக்கா முறையானவளின் மகள். கிளிநொச்சி தர்மபுரத்தில் இருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்துக் காம்பராவில் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு நிறுத்திப் பேர் பதிந்துவிட்டார்கள். கொழுந்துக் கூடையும் படங்கும் பதினெட்டு வயதில் வந்துவிட்டன. பிரட்டுக்கு நேரத்தோடு போக வேண்டும், நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு மலைக்குப் போனால்தான் மாதக் கடைசியில் கையில் ஏதாவது நிற்கும். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், தங்கச்சி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். வெளிநாடு போவதென்றால் முதலில் நாம் எந்த நாட்டவர் என்று காட்ட வேண்டும் அல்லவா? மலையகத்தில் அது லேசான காரியமாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு பறித்த பிரசாவுரிமை துண்டு துண்டாகத்தான் திரும்பி வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருந்ததைச் சரிசெய்ய நுவரெலியாவுக்கு நான்கு தடவை போனேன்.

2004ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் புறப்பட்டேன். மூன்று வருட ஒப்பந்தம், மாதம் 100 டொலர். பணியகப் பயிற்சியில் சலவை இயந்திரமும் அவனும் காட்டினார்கள், சில அரபுச் சொற்களும் சொல்லித் தந்தார்கள். ஆனால் லெபனானில் 'ஸிரிலங்கியே' என்றால் வீட்டு வேலைக்காரி என்று அர்த்தம் என்பதை யாரும் சொல்லவில்லை. அங்கே வேலைக்கு வந்த பிலிப்பைன்ஸ் பெண்ணையும் அப்படித்தான் சொல்வார்கள். நம் நாட்டின் பெயர் ஒரு வேலையின் பெயராகிவிட்டிருந்தது.

விமான நிலையத்தில் கடவுச்சீட்டை என் கையில் தரவில்லை. வீட்டு எஜமான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இதுதான் கஃபாலா முறை. உங்களுக்கு யார் பொறுப்பு நிற்கிறாரோ அவருடைய பெயரில்தான் உங்கள் விசா இருக்கும். அவரை விட்டு வெளியே வந்தால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர். வேறு வீட்டுக்கு மாற வேண்டுமானால் பழைய எஜமான் 'தனாசுல்' என்ற விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தத் தனாசுலைப் பற்றி ஊருக்கு வந்த பிறகு ஒரு முதியவரிடம் சொன்னேன். தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் இருந்தவர். அவர் சிரித்துவிட்டு, "பிள்ளை, அது நம்ம பழைய துண்டு" என்றார். அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால் துரை எழுதிய துண்டு வேண்டும். இந்தக் கூலிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று அதில் எழுதியிருக்கும். கங்காணி கொடுத்த முற்பணமும், வந்த வழிச் செலவும் சேர்ந்து கடனாகியிருக்கும். 1921ஆம் ஆண்டுதான் அதை ஒழித்தார்கள்.

எங்கள் முப்பாட்டன்மாரும் மூட்டை சுமந்து வேலை தேடி வெளிநாடு வந்தவர்கள்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் திரும்பி நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்களும் பலர். அது அநேகமாக ஆண்கள் வந்துபோன காலம். கோப்பியை நோய் அழித்து, தேயிலை வந்த பிறகுதான் வருடம் முழுவதும் கொழுந்து எடுக்கப் பெண்கள் குடும்பத்தோடு இங்கேயே தங்கினார்கள். நான் பெய்ரூட்டில் இருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கையெழுத்துக்காக அவ்வளவு கெஞ்சியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அஷ்ரஃபியே என்ற பகுதியில் ஐந்தாம் மாடி வீடு. அவர்கள் அடிக்கவில்லை. சாப்பாடும் தந்தார்கள். ஆனால் வெளியே போகும்போது கதவை வெளியால் பூட்டிக்கொண்டு போவார்கள். முதல் ஆறு மாதம் சம்பளம் அனுப்பினார்கள், பிறகு "அடுத்த மாதம்" என்றார்கள். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தொலைக்காட்சியில் கடல் ஊருக்குள் ஏறுவதைக் காட்டி, இலங்கை என்று எழுதினார்கள். எங்கள் தோட்டம் கடலுக்கு வெகு தூரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் யாருக்கு என்ன ஆனதோ என்று ஒரு தொலைபேசி அழைப்புக்குக் கேட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் தந்தார்கள்.

அடுத்த பெப்ரவரி 14ஆந் திகதி அங்கே முன்னாள் பிரதமர் ஹரிரியைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். எங்கள் வீட்டு ஜன்னலும் அதிர்ந்தது. ஊரே தெருவில் இறங்கிக் கொடி பிடித்தது. வீட்டுக்காரர்களும் போய்வந்தார்கள். சுதந்திரம் வேண்டும் என்று கத்திவிட்டு வந்து, என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார்கள்.

கோவிலுக்கு மேடத்தோடு போனபோது நீர்கொழும்பைச் சேர்ந்த ஒரு சிங்கள அக்கா என் கைக்குள் ஒரு துண்டுக் கடதாசியைத் திணித்தார். அதில் ஒரு தொலைபேசி இலக்கம். மார்ச் மாதம் ஒரு மாலை, குப்பை கொட்டப் போனேன். ஒரு கறுப்புப் பையில் குப்பை, இன்னொரு கறுப்புப் பையில் என் இரண்டு சட்டைகள். முதல் பையைத் தொட்டிக்குள் போட்டேன். இரண்டாவதைப் போடவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் இதுபோல் செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அப்போது வேறு வழி தெரியவில்லை. கரித்தாஸ் நிறுவனம் அங்கே வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று நிலையம் நடத்தியது, அடைக்கலமும் கொடுத்தது. அதை நான் அறிந்தது ஒரு வருடம் கழித்து. முன்பே தெரிந்திருந்தால் நேரே அங்கேதான் போயிருப்பேன்.

தோரா என்ற இடத்தில் ஒரு அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். மூவர் சிங்களம், இருவர் தமிழ், ஒருவர் புத்தளம் பக்கத்து முஸ்லிம் சகோதரி. ஊரில் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. அங்கே வாடகையைப் பங்கு போட்டோம், பருப்பைப் பங்கு போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோரா சந்தி நம் ஊர்க் கடைத்தெரு போல இருக்கும். கருவாடு, தேங்காய்ப் பால்மா, தொலைபேசி அட்டை எல்லாம் கிடைக்கும். எங்கள் அறையில் சண்டை வந்தது சமைக்கும் முறைக்காக மட்டும்தான்.

வேலை மணிக்கணக்கு. மணிக்கு 5,000 லிரா. அப்போது ஒரு டொலருக்கு 1,500 லிரா. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் கிடைத்தால் 25,000. ஆறு நாளில் பழைய மாதச் சம்பளம் கைக்கு வந்துவிடும். கணக்குப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் ஐந்து மணி நேரம் எல்லா நாளும் கிடைக்காது. மழைக்காலத்தில் குறையும், அவர்கள் மலை ஊர்களுக்குப் போகும் கோடையில் இன்னும் குறையும். அறை வாடகை, சாப்பாடு, தொலைபேசி அட்டை எல்லாம் நம் கையால். காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. கைக்காசுக்கு மலை ஏறியவளுக்கு இது புதிதல்ல.

என்ன வேலை என்று கேட்பீர்கள். மாடிப்படி கழுவுதல், ஜன்னல் கண்ணாடி துடைத்தல், சட்டை இஸ்திரி போடுதல். மே மாதம் வந்தால் வீடுகளில் விரித்திருக்கும் கம்பளங்களை எல்லாம் எடுத்து, அடித்து, கழுவி, சுருட்டிக் கட்டி வைப்பார்கள். குளிர் தொடங்கும்போது மறுபடி விரிப்பார்கள். ஈரக் கம்பளத்தின் பாரத்தை நனைந்த கொழுந்துக் கூடை சுமந்தவர்களுக்குத்தான் சொல்லிப் புரிய வைக்கலாம். ஒரு கிழவியின் வீட்டில் திராட்சை இலைக்குள் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டும் வேலை. நூறு, இருநூறு இலை. என் விரல் வேகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே பழகினாய்?" என்று கேட்டார். தேயிலை என்றேன். அலுமாரியைத் திறந்து ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். சிலோன் டீ. எங்கள் ஊரா என்று தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி, தன் மேசையிலேயே உட்கார வைத்தார். பெய்ரூட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்த முதல் வீடு அது.

நீர்கொழும்பு அக்கா எங்களுக்குச் சில ஒழுங்குகள் வைத்திருந்தார். அன்றன்றைய காசை அன்றன்றே வாங்க வேண்டும். ஒரே வீட்டை நம்பக் கூடாது, மூன்று நான்கு வீடு வேண்டும். புது வீட்டுக்கு முதல் நாள் இரண்டு பேர் போக வேண்டும். தனியாக இருக்கும் ஆணின் வீட்டு வேலை எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். எங்கே தங்கியிருக்கிறோம் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. ஒரு தடவை அந்த மூன்றாவது ஒழுங்கை நான் மீறினேன். வீட்டுக்காரன் கதவைப் பூட்டியதும் பழைய பூட்டின் சத்தம் நினைவுக்கு வந்தது. பலகணியில் நின்று கீழே இருந்த காவற்காரரைக் கூப்பிட்டு, மாடிப்படியில் வாளி விட்டுவிட்டேன் என்று கத்தினேன். அவர் ஏறி வந்தார். கதவைத் திறந்தார்கள். கூலியை விட்டுவிட்டு வந்தேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் தெருவில்தான். யாராவது கடதாசி கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. பொலிசைக் கண்டால் கடைக்குள் நுழைந்துவிடுவேன். கொழும்பில் சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் பெண்கள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதே நடை. யுத்தப் பகுதியில் வாழ்ந்த வாசகிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2006ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் திகதி புதன்கிழமை யுத்தம் தொடங்கியது. மறுநாள் விமான நிலையத்துக்குக் குண்டு போட்டார்கள். தோரா தாக்கப்படவில்லை. ஆனால் நகரத்தின் தென்புறத்தில் விழுந்த ஒவ்வொன்றும் எங்கள் அறைச் சுவரில் கேட்டது. அப்போது லெபனானில் ஏறக்குறைய 80,000 இலங்கையர் இருந்ததாகச் சொன்னார்கள், பெரும்பாலும் பெண்கள். தெற்கே சில வீட்டுக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். வேலைக்காரியை வீட்டைக் காக்கச் சொல்லி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். அப்படித் தப்பி வந்த ஒரு பெண் எங்களோடு நான்கு நாள் இருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள்.

தூதரகத்தில் எங்களைப் போலப் பாஸ்போர்ட் இல்லாதவர்களின் கூட்டம். தற்காலிகப் பயணப் பத்திரம் தந்தார்கள். என்னிடம் அபராதம் ஒன்றும் கேட்கவில்லை, யுத்தம் என்பதால் போலும். கரித்தாஸும் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பும் பஸ் ஒழுங்கு செய்தன. வடக்கே கடலோரப் பாதையால் சிரியா எல்லைக்குப் போய், அங்கிருந்து டமாஸ்கஸ், பிறகு விமானம். பழைய வீட்டுக்காரரிடம் இருந்த என் கடவுச்சீட்டு இன்றுவரை வரவில்லை. வரவேண்டிய ஆறு மாதச் சம்பளமும் வரவில்லை.

யுத்தத்திலிருந்து தப்பிக் கட்டுநாயக்காவில் இறங்கினால் இங்கே மாவிலாறு. மூதூர் சனங்கள் நடந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்து சில நாளில், ஆகஸ்ட் 14ஆந் திகதி, லெபனானில் போர் நின்றது என்று வானொலி சொன்னது. அன்றைக்கே வள்ளிபுனத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்த செய்தியும் வந்தது. என் பெரியம்மாவின் குடும்பம் அங்கிருந்து தொலைவில் இல்லை. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் பக்கத்து லயத்தை எரித்தபோது, "இனி இங்கே இருக்க ஏலாது" என்று வன்னிக்குப் போனவர்கள். பாதுகாப்பைத் தேடித்தான் போனார்கள். 2009ஆம் ஆண்டு பெரியம்மாவும் அத்தானும் இல்லாமல், அக்கா மட்டும் கைக்குழந்தையோடு மெனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தாள்.

அந்தக் குழந்தைதான் இப்போது என்னிடம் கேட்கிறவள். "சின்னம்மா, நீங்க போய் வந்தீங்கதானே. நான் மட்டும் ஏன் போகக் கூடாது?"

போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் தங்கச்சி இன்றைக்கு ஆசிரியை. அந்தப் படிப்புக்கான காசு கம்பளம் தூக்கிய காசு. அக்கா நுண்கடன் எடுத்து மாடு வாங்கி, மாடு செத்து, அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தவள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு "போகாதே" என்பது ஒரு பதிலா?

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். முதலில் விசாவைப் பார். வேலை விசாவா, சுற்றுலா விசாவா? 2022ஆம் ஆண்டு ஓமானுக்குச் சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் அங்கே கைமாற்றப்பட்டுத் தூதரகத்தில் வந்து முடங்கிக் கிடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனால், காப்புறுதியும் இல்லை, முறைப்பாடு செய்யவும் வழி குறைவு. முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கு. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பணியகத்தில் கேள். வயதைக் கூட்டி எழுதலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் எழும்பிவிடு. மூதூர் றிசானா நபீக்கைப் பதினேழு வயதில், வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடுதான் 2005ஆம் ஆண்டு சவூதிக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரி 9ஆந் திகதி அவளுடைய தலையை வெட்டினார்கள். கடவுச்சீட்டு, ஒப்பந்தம் இரண்டின் பிரதியும் வீட்டில் ஒன்று, உன் கைத்தொலைபேசியில் ஒன்று. தூதரக இலக்கத்தைப் பாவாடை மடிப்பில் தைத்துக்கொள். கைத்தொலைபேசியை முதலில் பறிப்பார்கள், பாவாடையைப் பறிக்க மாட்டார்கள். வங்கிக் கணக்கு உன் பெயரில்.

எல்லா நாடும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொன்னேன். கட்டார் 2020ஆம் ஆண்டு முதல் பழைய எஜமானின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. லெபனானில் அதே வருடம் புதிய ஒப்பந்தம் ஒன்று கொண்டுவந்தார்கள், சில வாரத்துக்குள் அங்குள்ள நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சட்டம் இருக்கும் இடத்திலும் கதவு பூட்டித்தான் இருக்கும், ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

போன மாதம் அவள் வட்ஸ்அப்பில் விசாவின் படத்தை அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு மாதச் சுற்றுலா விசா. "போனதும் மாற்றித் தருவாங்களாம் சின்னம்மா" என்றாள். முகவரின் அனுமதி இலக்கத்தைக் கேட்கச் சொன்னேன். அவன் தரவில்லை. அதைவிட அடுத்த விசயம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. போவதற்கு முன்பே அக்காவின் கையில் இரண்டு இலட்சம் ரூபா முற்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கங்காணி தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தான், இவன் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான்.

இரண்டு இலட்சத்தில் ஒன்றேகால் இலட்சம் ஏற்கனவே நுண்கடனுக்குப் போய்விட்டது. மீதி எழுபத்தையாயிரம் இருக்கிறது. தங்கச்சி கொஞ்சம் தருகிறேன் என்கிறாள், நான் சீட்டு எடுக்கலாம் என்று பார்க்கிறேன். இதை எழுதும்வரை அவள் போகவில்லை. வருகிற கிழமை நான் தர்மபுரத்துக்குப் போகிறேன், அவன் காசுக்கு வரும்போது நானும் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.